அப்பாவின் ஜாவா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். என் அப்பா 1968-இல் வாங்கிய ஜாவா 250, எங்கள் தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் 22 ஆண்டுகளாகச் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. சென்ற ஆண்டு அப்பா காலமானார். இப்போது அந்த வண்டியைச் சீர்செய்ய விரும்புகிறேன். பட்டறையில் கேட்டால், எல்லாவற்றையும் கழற்றிப் புதுப் பெயின்ட் அடித்து, குரோம் பூசிக் கண்ணாடிபோல ஆக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். நண்பர்களோ, ஓட்டினால் கெட்டுவிடும், வீட்டுக்கூடத்தில் நிறுத்திவை என்கிறார்கள். வெளிநாடுகளில் அறுபது எழுபது ஆண்டுப் பழைய வண்டிகளைப் பந்தயத்தில் விரட்டுவதைக் காணொளிகளில் பார்க்கையில் மனம் பதறுகிறது. அரும்பொருளை அப்படிப் பாழாக்கலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். அவருடைய வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்த உங்கள் குடும்பத்தாருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

வண்டியை ஓட்டுங்கள். ஓட்டுவதற்காகவே சீர்செய்யுங்கள். நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்; கீழே எழுதுவதெல்லாம் அதற்கான காரணங்களும், நான் கைசுட்டுக் கற்றுக்கொண்ட சில வழிமுறைகளும்.

ஓட்டினால் கெட்டுவிடும் என்று சொல்லும் நண்பர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் வண்டி ஓடியதால் கெட்டதைவிட, நின்றதால் கெட்டது அதிகமாக இருக்கும். அது பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்றி ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கின் இரு பக்கமும் உள்ள ரப்பர் சீல்கள் காற்றுப் புகாமல் அடைத்திருந்தால்தான் அந்த எஞ்சின் மூச்சுவிட முடியும். ஓடும் வண்டியில் எண்ணெய்ப் பசை பட்டு மிருதுவாக இருக்கும் அந்தச் சீல்கள், நின்ற வண்டியில் காய்ந்து கொட்டாங்குச்சி போல இறுகிவிடுகின்றன. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டுச் சைலன்சர் வெள்ளைப் புகை கக்கும். அதையாவது கண்ணால் பார்க்கலாம். டைனமோ பக்கத்துச் சீல் போனால் வெறுங்காற்று உள்ளே போகும். பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் விகிதத்தில் குறைந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு நாள் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, இப்போது பங்குகளில் நிரப்பும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கின் அடியிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் தங்கித் துருவையும் வெள்ளைப் பூப்பையும் உண்டாக்குகிறது. கூடத்தில் நிறுத்தும் வண்டிக்கு இவையனைத்தும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே முதலில் ஒன்று: ஆர்வத்தில் கிக்கரை மிதித்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளைவழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து இரண்டு தேக்கரண்டி விட்டு, மூன்று நாட்கள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். சிலிண்டர் சுவரோடு ஒட்டிப்போயிருக்கும் ரிங்குகள் பொறுமைக்கு இளகும். முரட்டு மிதிக்கு உடையும்.

அதன்பின் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜாவாவின் கிராங்க், தனித்தனித் துண்டுகளை அழுத்திச் சேர்த்துச் செய்யப்பட்டது. அதைப் பிரித்துக் கனெக்டிங் ராடையும் பேரிங்கையும் மாற்றி மீண்டும் அழுத்தும்போது, இரண்டு பக்கத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்துப் பார்க்கத் தெரிந்த லேத் பட்டறையிடம்தான் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம். பம்புக்கும் மோட்டாருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தண்டு கடைந்த கைகள் அங்கே இருக்கின்றன. ஜாவாவில் பெயர்பெற்ற கடையைத் தேடுவதைவிட, நூறில் ஒரு மில்லிமீட்டரை மதிக்கும் ஒரு கடைசல்காரரைத் தேடுங்கள்.

இனி பெயின்ட். என்னுடைய ஜாவாவை முதன்முதலாக ஒரு பட்டறையில் விட்டபோது, எஞ்சின் வேலையை மட்டுமே பேசிவிட்டு வந்தேன். பதினைந்து நாள் கழித்துப் போனபோது, அவர்கள் டேங்கை அமிலத்தில் முக்கி வெறுந்தகடாக்கி வைத்திருந்தார்கள். நல்லது செய்வதாகவே நினைத்திருக்கிறார்கள். அந்த டேங்கில் மைசூரில் இழுக்கப்பட்ட மெல்லிய கோடு இருந்தது. ஒரு முனையில் தூரிகை தொடங்கிய இடத்தில் சற்றுத் தடித்தும், வளைவில் இழைபோல மெலிந்தும் இருக்கும். இரு பக்கமும், முதல் உரிமையாளரின் முழங்கால்கள் இருபது ஆண்டுகள் உரசி மெரூன் நிறத்தை வெளுக்கவைத்த இரண்டு நீள்வட்டங்கள் இருந்தன. புதுப் பெயின்ட் மிக நேர்த்தியாகவே வந்தது. ஆனால் அந்த நீள்வட்டங்களை எந்தப் பெயின்டராலும் திருப்பித் தர முடியவில்லை. இன்றும் டேங்கைத் துடைக்கும்போது கை அந்த இடத்தைத் தேடுகிறது.

உங்கள் வண்டியில் உங்கள் அப்பாவின் முழங்கால் பட்ட இடம் இருக்கும். துரு தகட்டைத் தின்னாத இடங்களிலெல்லாம் பழைய பெயின்டை விட்டுவையுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும். பிரேக், சக்கரக் கம்பிகள், டயர், கேபிள்கள், வயரிங் ஆகியவற்றை மட்டும் தயங்காமல் புதிதாக்குங்கள், ஏனென்றால் அவை உயிர் சம்பந்தப்பட்டவை. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, பெயர் எழுதிய பையில் போட்டு, மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2021-இல் மத்திய அரசு, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று பதிவுசெய்ய விதி கொண்டுவந்தது. அந்தப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதிதாக வாங்கும் எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் எடுத்துச்செல்லலாமே தவிர, அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கமான பதிவையே தொடருங்கள். மூன்று எழுத்துகளில் தொடங்கும் அந்தப் பழைய எண்ணோடு வண்டி சந்தைக்கும் போகட்டும், தோட்டத்துக்கும் போகட்டும்.

இந்த வண்டி அப்படிப் போவதற்காகவே செய்யப்பட்டது. ஃபிரான்டிஷெக் யானெச்செக் என்ற செக் நாட்டு ஆயுதத் தொழிலதிபர், வாண்டரர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கும் உரிமையை வாங்கி, இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளையும் ஒட்டி 1929-இல் வைத்த பெயர்தான் ஜாவா. இரண்டாம் உலகப்போரில் நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, அங்கிருந்த பொறியாளர்கள் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு 250 சி.சி. வண்டியை வடிவமைத்தார்கள், போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், அது வெளியே வந்தது. அந்த மரபின் வண்டிதான் 1961 முதல் மைசூரில் உருவாகி, பிறகு எஸ்டி என்று பெயர் மாறி, 1996-இல் ஆலை மூடப்படும்வரை நம் சாலைகளுக்கு வந்தது. கிளப் நடத்துவோருக்காகச் செய்ததல்ல. பால்காரருக்கும் வாத்தியாருக்கும் செய்தது. கிக்கரே முன்னால் மடங்கிக் கியர் லிவராக ஆவதும், கியர் மாற்றும்போது கிளட்ச் தானாகவே விடுபடுவதும், சாவி என்ற பெயரில் ஓர் ஆணி போன்ற கம்பி இருப்பதும் அந்த எளிமையின் அடையாளங்கள். காலையில் கார்புரேட்டரின் டிக்ளர் என்ற சிறு பொத்தானை விரலால் அழுத்தி, பெட்ரோல் கசிந்து விரல்நுனி குளிர்ந்ததும் கையை எடுத்து, இரண்டு முறை மெல்ல மிதித்து மூன்றாவதை முழுமையாக மிதித்தால், இரட்டைச் சைலன்சரும் ஒரே குரலில் பேசத் தொடங்கும். அந்தக் குளிர்ச்சி உங்கள் அப்பாவின் விரலுக்கு ஆண்டுக்கணக்காகப் பழகியது. கூடத்தில் நிற்கும் வண்டி அதை உங்களுக்குத் தராது.

பந்தயத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பதறுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது என் மாமா என்னைச் சோழவரத்துக்கு அழைத்துப்போனார். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன்பு சென்னைப் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. வைக்கோல் பொதிகளுக்கு அப்பால் ராஜ்தூத் 350 வண்டிகள் கூட்டமாகத் திரும்பியபோது எழுந்த கீச்சொலியும், பந்தய எண்ணெயில் கலந்த ஆமணக்கு எரியும் இனிப்பு வாடையும் இன்னும் என்னோடு இருக்கின்றன. நம் வீட்டு விளக்கெண்ணெய்தான் அங்கே பிஸ்டனைக் காத்தது என்று மாமா சொன்னபோது நம்பவே முடியவில்லை.

வெளிநாட்டுக் காணொளிகளில் நீங்கள் பார்த்த வண்டிகளில் மேங்க்ஸ் நார்ட்டன் நிச்சயம் இருந்திருக்கும். பந்தயத்துக்கென்றே 1940-களின் பிற்பகுதி முதல் 1960-களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டி. மேன் தீவில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் மலைச்சாலையிலும், இங்கிலாந்தின் குட்வுட் தடத்திலும் அது இன்றும் ஓடுகிறது. அவ்வாறு ஓடும் வண்டிகள் பலவற்றில் இருப்பவை, பழைய வரைபடங்களைப் பின்பற்றிப் புதிதாக வார்த்துக் கடைந்த எஞ்சின்கள். ஓட்டுகிறவர்கள் உடைப்பதால்தான் அவற்றை மீண்டும் செய்யும் பட்டறைகள் பிழைத்திருக்கின்றன; கண்ணாடிக் கூண்டில் இருக்கும் வண்டிக்காக யாரும் கிராங்க் கடைவதில்லை. ஒரு பழைய எஞ்சினை எப்படிச் செய்வது என்ற அறிவு பந்தயக்காரர்களிடம்தான் உயிரோடு இருக்கிறது.

நியூசிலாந்தின் பர்ட் மன்றோவை நினைத்துக்கொள்ளுங்கள். 1920-இல் வாங்கிய ஓர் இண்டியன் ஸ்கவுட் வண்டியை, விற்காமல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தன் கொட்டகையிலேயே மாற்றி மாற்றிச் செதுக்கினார். பிஸ்டன்களைப் பழைய தகரக் குவளைகளில் தாமே வார்த்தார். டிராக்டர் அச்சை அராவிக் கனெக்டிங் ராடு செய்தார். வெடித்துச் சிதறிய பாகங்களை, வேகக் கடவுளுக்கான காணிக்கை என்று எழுதி ஓர் அலமாரியில் அடுக்கிவைத்தார். 1967-இல், 68-ஆம் வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் அதை மணிக்கு 184 மைலுக்கு ஓட்டினார். ஏறத்தாழ 296 கிலோமீட்டர். மணிக்கு 55 மைல் வேகத்துக்குச் செய்யப்பட்ட வண்டி அது. அவர் அந்த ஸ்கவுட்டைப் பாழாக்கினார் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆயினும் உங்கள் அப்பாவின் ஜாவாவைப் பந்தயத்துக்கு அனுப்பச் சொல்லமாட்டேன். பிஸ்டனையும் கிராங்கையும் கடைந்துகொள்ளலாம். எண் பொறித்த அந்த எஞ்சின் கூடு உடைந்தால், ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தும் இன்னொன்று கிடைக்காது. விரட்டும் ஆசை வந்தால், புத்தகம் தொலைந்து யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் வேறொரு எஸ்டியைத் தேடிப்பிடித்துத் தடத்துக்கு மட்டும் தயார்செய்யுங்கள். நான் உடன் வருகிறேன்.

எஞ்சின் கட்டி முடித்ததும், முதல் 500 கிலோமீட்டருக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) கலந்து, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள். பிறகு கொல்லிமலைக்கு ஏற்றுங்கள். 70 கொண்டையூசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் சலிக்காமல் ஏறும். கவனம் வேண்டியது இறக்கத்தில்தான். இந்த எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிக்கொண்டு நெடுந்தொலைவு இறங்கினால் பிஸ்டன் எண்ணெயின்றிக் காயும். வளைவுக்கு வளைவு ஒருமுறை கிளட்சைப் பிடித்து, ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கிவிட்டு இறங்குங்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் இறங்கியிருப்பார்.