ஆறாயிரம் அஞ்சல் பெட்டிகளை எந்த டிஸ்க்கில் வைப்பது?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சல் சர்வரில் 6,000 பெட்டிகள், 12 டெராபைட் கடிதங்கள். டவ்காட் என்னும் அஞ்சல் மென்பொருள், மெயில்டிர் வடிவம் (கடிதம் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு), 4 டெராபைட் டிஸ்க்குகள் எட்டு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி இணைத்தது). சென்ற மாதம் ஒரு டிஸ்க் போனது. புதியது மீளமைய மூன்று நாளாயிற்று. நடுவில் இன்னொரு டிஸ்க்கிலும் வாசிப்புப் பிழை வந்து சில கடிதங்கள் திறக்கவில்லை. இதைவிடப் பெரிய ரெய்டு பெட்டி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குக் குறைவது இடம் அல்ல, பாதுகாப்பும் எழுதும் வேகமும்தான்.

வெளியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. நம் சர்வர் அதை வாங்கிக்கொண்டு '250' (பெற்றுக்கொண்டேன்) என்று பதில் சொன்னதும் அனுப்பிய சர்வர் தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிடும். அந்தப் பதில் வராதவரை கடிதத்தை வரிசையில் வைத்து, பொதுவாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஆகவே சர்வர் அரை நாள் படுத்துவிட்டால் கடிதங்கள் தாமதமாகும், தொலையாது. டிஸ்க்கில் எழுதி முடிக்காமலேயே '250' சொல்லிவிட்டு மின்சாரம் போனால்தான் தொலையும், அதுவும் யாருக்கும் தெரியாமல்.

எனவே வேகத்துக்காக டவ்காட்டில் எஃப்சிங்க்கை (டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும் அமைப்பை) அணைத்திருந்தால் இன்றே திருப்பிப் போடுங்கள். பேட்டரி இல்லாத ரெய்டு கார்டில், எழுத வேண்டியதைத் தற்காலிக நினைவகத்தில் தேக்கிவைக்கும் கேஷ் இயங்கினால் நிறுத்துங்கள். எஸ்எஸ்டி வாங்கும்போது மின்தடைப் பாதுகாப்புக்கான மின்தேக்கி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கணினிக்கான மலிவு வகைகளில் பெரும்பாலும் அது இருக்காது.

இனி ரெய்டு 5. மின்னஞ்சல் என்பது டிஸ்க்கில் ஓயாமல் சிறிது சிறிதாக எழுதும் வேலை. கடிதம் வந்தால் ஒரு கோப்பு, படித்தால் பெயர் மாற்றம், ஒவ்வொன்றுக்கும், எந்தக் கடிதம் எங்கே என்று குறிக்கும் அட்டவணையில் திருத்தம். ரெய்டு 5இல் ஒருமுறை சிறிதளவு எழுத நான்கு வேலை: பழைய தரவை வாசி, பழைய பேரிட்டியை (போன டிஸ்க்கை மீட்க உதவும் கணக்கை) வாசி, புதியவை இரண்டையும் எழுது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 80 வேலை செய்யும். எட்டும் சேர்ந்தால் 640. நான்கால் வகுத்தால், நொடிக்கு 160 முறைதான் எழுத முடியும். காலை பத்து மணிக்கு அஞ்சல் திணறுவதும், மீளமைப்பு மூன்று நாள் இழுத்ததும் இதனால்தான்.

மீளமைப்புக்கு மற்ற ஏழு டிஸ்க்குகளையும், அதாவது 28 டெராபைட்டையும், பிழையின்றி வாசித்தாக வேண்டும். சாதாரண சாட்டா டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் சொல்லும் வரம்பே சுமார் 12.5 டெராபைட்டுக்கு ஒரு வாசிப்புப் பிழை. நடைமுறையில் பெரும்பாலான டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் உங்களுக்கு நேர்ந்ததை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் யோசனை: கடிதத்தை வயதுப்படி பிரியுங்கள். திறக்கப்படுபவற்றில் பெரும்பகுதி அண்மையில் வந்தவைதான். இரட்டைப் பிரதியாக இணைத்த எஸ்எஸ்டிகளில் அட்டவணைகளும் கடைசி ஒரு மாதக் கடிதங்களும் இருக்கட்டும். பழையவை இப்போதுள்ள எட்டு டிஸ்க்குகளுக்கே போகட்டும், ரெய்டு 6 ஆக மாற்றி. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். 24 டெராபைட் இடமும் கிடைக்கும். ரெய்டு 6இல் எழுதுவது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அங்கே இரவில் மொத்தமாகத்தானே எழுதப்போகிறோம்.

இதற்கு மெயில்டிரிலிருந்து, பழைய கடிதங்களை வேறு டிஸ்க்கில் பிரித்து வைக்க இடம் தரும் டவ்காட்டின் எம்டிபாக்ஸ் வடிவத்துக்கு மாற வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. சராசரி 80 கிலோபைட் என்றால் இப்போது உங்களிடம் 15 கோடிக் கோப்புகள் இருக்கும். அவற்றை நகலெடுப்பதே பெரும் பாடு. எம்டிபாக்ஸ் பல கடிதங்களை ஒரே கோப்பில் வைக்கிறது. ஒரு எச்சரிக்கை: மெயில்டிரில் 'படித்தது' போன்ற குறிகள் கோப்பின் பெயரிலேயே இருக்கும். எம்டிபாக்ஸில் அவை அட்டவணையில் மட்டுமே இருப்பதால் அட்டவணையையும் கட்டாயம் நகலெடுங்கள்.

இரண்டாவது சர்வருக்குப் பணம் இருந்தால் எஸ்எஸ்டி பகுதியை, ஒரு டிஸ்க்கை இன்னொரு சர்வரில் அப்படியே பிரதியெடுக்கும் டிஆர்பிடி மென்பொருள் மூலம் அதன் 'சி' முறையில் இணையுங்கள். இரு பக்கமும் எழுதிய பிறகே '250' போகும். டவ்காட் 2.4இல் அதன் சொந்தப் பிரதியாக்கம் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

ஆனால் இணை சர்வர் காப்பு நகல் ஆகாது. தவறுதலாக அழித்தால் அங்கேயும் அதே நொடியில் அழியும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழை பல பிரதிகளையும் ஒருசேரத் தாக்கியது. சிலருடைய பெட்டிகள் காலியாகின. கூகுள் அவற்றைக் காந்த நாடாக்களிலிருந்துதான் மீட்டது. உங்கள் நகலும் வேறு கட்டடத்தில், வேறு கடவுச்சொல்லோடு, அஞ்சல் சர்வரால் அழிக்க முடியாதபடி இருக்கட்டும்.

12 டெராபைட்டை ஒரு கிகாபிட் இணைப்பில் திரும்பக் கொண்டுவர முப்பது மணி நேரமாவது ஆகும். அதுவரை ஆறாயிரம் பேரைக் காக்க வைக்காமல், காலிப் பெட்டிகளைத் திறந்து புதுக் கடிதங்களை ஓடவிட்டு, பழையதைப் பின்னாலிருந்து நிரப்புவதை ஒத்திகை பாருங்கள். புது டிஸ்க்குகள் வந்த வாரமே அதை நடத்துங்கள். ரெய்டு 5ஐக் கலைக்கும் அன்று உங்கள் கையில் இருக்கப்போவது அந்த நகல் ஒன்றுதான்.