வாசகர் கேள்வி–பதில்: சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் வலசைப் பறவைகள்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் காலை ஏழு மணிக்கே சுங்கை பூலோ போய்விட்டோம். இரண்டு கொக்கு, ஓர் உடும்பு, அவ்வளவுதான். வலசைப் பறவைகளைப் பார்க்க எத்தனை மணிக்குப் போகவேண்டும்?
– மலர்விழி, ஈசூன்

நீங்கள் போனது கடல் வற்றியிருந்த நேரமாக இருக்கும். கரைப்பறவைகளின் நாள் சேற்றை ஒட்டித்தான் நடக்கிறது. நீர் வற்றியதும் புழுவும் நண்டும் தேடி மண்டாய் பக்கத்துச் சேற்றுவெளிக்குப் போய்விடும். ஜொகூர் நீரிணையில் நீர் ஏறி அந்தச் சேறு மூழ்கும்போது நிற்க இடமில்லாமல் காப்பகத்தின் குளங்களுக்கு வந்து ஒதுங்கும். இந்தக் குளங்கள் முன்பு இறால் பண்ணைகளாக இருந்தவை. மதகு வைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்த முடிவதால், வெளியே கடல் நிறைந்து நிற்கும்போதும் உள்ளே சேறு தெரியும். பறவைகளுக்கு வேண்டியது அதுதான்.

ஆகவே முதலில் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். ஒரு நாளில் நீர் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும்; உச்சநேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம். நம் ஊரில் அந்த நாள்களின் உச்சம் பெரும்பாலும் முற்பகலில் வரும் என்பது வசதி. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். அஷ்டமியை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது ஏற்றம் குறைவு. வெளியே சேறு முழுக்க மூழ்காது, பறவைகளுக்கு உள்ளே வரவேண்டிய அவசியமும் இருக்காது. அட்டவணையில் 2.5 மீட்டரைத் தாண்டும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மறைவுக் குடிலில் உட்கார்ந்துவிட வேண்டும். பலர் சரியாக உச்சநேரத்துக்கு வந்து, ஏற்கெனவே ஒற்றைக்காலில் தூங்கும் கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். நீர் ஏறஏறப் பத்தும் இருபதுமாகப் பறவைகள் வந்து இறங்குவதுதான் காணக் கிடைக்காத காட்சி. இன்னொன்று: அட்டவணையில் சிங்கப்பூரின் தென்கரைக்குக் கொடுக்கப்பட்ட நேரம் வடக்கே உள்ள ஜொகூர் நீரிணைக்கு அப்படியே பொருந்தாது. அதற்காகவும் முன்கூட்டியே போங்கள்.

பருவம் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டி, குளம் நிரம்பிச் சேறு மறைந்திருந்தால், ஓதம் சரியாக இருந்தும் கூட்டம் குறையலாம். இரண்டு நாள் வெறித்த பிறகு போவது நல்லது. காப்பகம் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பேருந்து.

எல்லாப் பறவையும் ஒரே பழுப்பாகத் தெரிகிறது. புத்தகத்தில் இருக்கும் நிறம் எதிலும் இல்லை. எப்படி அடையாளம் காண்பது?
– செல்வம், ஜூரோங் வெஸ்ட்

இனப்பெருக்கக் காலத்துச் சிறகை உதிர்த்துவிட்டுக் குளிர்காலச் சிறகோடுதான் இங்கே தங்குகின்றன. அதனால் உடலின் நிறத்தை விட்டுவிடுங்கள். அலகு, கால், நடை, பறக்கும்போது தெரியும் வெள்ளை: இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ரெட்ஷாங்க் எனப்படும் பவளக்காலியைப் பழகிக்கொள்ளுங்கள். சுங்கை பூலோவில் அதுவே அளவுகோல். மைனாவைவிடச் சற்றுப் பெரியது, ஆரஞ்சுச் சிவப்புக் கால், அலகின் அடிப்பாதியும் சிவப்பு. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சேற்றில் மேய்ந்து வந்த பறவையின் காலில் சேறு காய்ந்து சாம்பல் நிறமாகிவிடும், சிவப்பே தெரியாது. அப்போது அது தானாகப் பறக்கும்வரை காத்திருங்கள். இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் பவளக்காலியேதான்.

பச்சைக்காலி அதைவிடப் பெரியது, வெளிறியது. அலகு தடித்து, நுனி இலேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். பறந்தால் இறக்கையில் வெள்ளை இராது; முதுகின் நடுவில் வெள்ளை ஆப்பு போல மேலேறும். ‘தியூ தியூ தியூ’ என்று மூன்று முறை கத்தினால் கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். அதே முதுகு வெள்ளையோடு, உருவம் சிறுத்து, அலகு ஊசி மாதிரி நேராக இருந்தால் அது மார்ஷ் சேண்ட்பைப்பர்.

விம்பிரல் பெரிய பறவை. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு, தலையில் கருங்கோடுகள். அதைச் சேற்றில் மட்டும் தேடாதீர்கள். நீர் ஏறிய நேரத்தில் கண்டல் (சதுப்புநில) மரக்கிளைகளிலும் உட்கார்ந்திருக்கும். நாலடி ஓடி, சட்டென நின்று, குனிந்து கொத்தும் குட்டை அலகுப் பறவையின் முதுகில் பொன்புள்ளி இருந்தால் பொன்னிற உப்புக்கொத்தி. குளத்தோரம் தனியே வாலை ஆட்டிக்கொண்டே நடப்பது காமன் சேண்ட்பைப்பர்.

இருநோக்கி வாங்க வேண்டும். 10 மடங்கா, 8 மடங்கா? நண்பருடையதில் எப்போதும் பனி படிந்துவிடுகிறது.
– ரவி, தெம்பனிஸ்

8x42 (8 மடங்கு, முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ.) வாங்குங்கள். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறையும். பனி படிவதற்குக் காரணம் குளிர்சாதனம். குளிர்ந்த கண்ணாடி வெளிக்காற்றின் ஈரத்தை இழுக்கிறது. பேருந்திலிருந்து இறங்கியதும் எடுக்காமல், மூடிய பைக்குள்ளேயே இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். துடைத்தால் மீண்டும் படியும், கண்ணாடிப் பூச்சும் கீறும். வீட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். அலமாரியில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

பறக்கும் படம் எடுக்க என் தம்பி கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறான். சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிடுகின்றனவே, அதில் தவறு உண்டா?
– கவிதா, உட்லண்ட்ஸ்

உண்டு. கடல் நிறைந்திருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் அவற்றுக்கு ஓய்வு. கிளப்பிவிட்டால் போய் நிற்க வேறு சேறு இல்லை, வட்டமடித்தே சக்தி தீரும். மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பப் பறக்க உடலில் சேர்க்கும் கொழுப்பிலிருந்துதான் அந்தச் செலவு போகிறது. இயற்கை வனப்பகுதியில் விலங்குகளைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றமும்கூட. தம்பியை நீர் ஏறும் நேரத்துக்கு வரச்சொல்லுங்கள். வந்திறங்கும் கூட்டங்களை ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்து எடுக்கட்டும். பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம், அங்கே உவர்நீர் முதலை உண்டு.

ஒரு பவளக்காலியின் காலில் வண்ணப் பட்டை இருந்தது. அது என்ன?
– இளங்கோ, சுவா சூ காங்

ஆய்வாளர்கள் பிடித்துக் கட்டிவிட்ட அடையாளக் கொடி. பச்சையும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் சிங்கப்பூரிலேயே கட்டியது. ஆரஞ்சு மட்டும் என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். சுங்கை பூலோவில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்திய பவளக்காலிகள் இமயமலையைக் கடந்து திபெத் பீடபூமிக்குப் போனது இத்தகைய ஆய்வால்தான் தெரியவந்தது. அடுத்த முறை உடனே குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே, எழுத்து ஏதும் இருந்ததா, தேதி, நேரம், எந்தக் குளம். நிறவரிசை மாறினால் நாடே மாறிவிடும். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். மங்கலான படமானாலும் சேர்த்துத் தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்புங்கள்.