ஆயிலை நீங்களே மாற்றலாம், பிரேக்கை மெக்கானிக்கிடம் விடுங்கள்

கேள்வி: எட்டு வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். வாரண்டி முடிந்துவிட்டது. சர்வீஸ் பில் ஏறிக்கொண்டே போகிறது. ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில், முன் பிரேக் பேட் மூன்றையும் நானே மாற்றலாமா? ஸ்பேனர் செட் இருக்கிறது.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: செய்தது தப்பாகிப் போனால் அது எங்கே தெரியவரும் என்று முதலில் யோசியுங்கள். வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும் என்றால் தாராளமாகக் கை வையுங்கள். ரோட்டில் போகும்போதுதான் தெரியும் என்றால் வேண்டாம்.

ஏர் ஃபில்டர் பத்து நிமிட வேலை. கிளிப்பைக் கழற்றி, பெட்டிக்குள் இருக்கும் தூசியை ஈரத்துணியால் துடைத்து, புதியதைப் பொருத்தினால் முடிந்தது.

ஆயில் மாற்றக் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். டிக்கியில் இருக்கும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள். ஸ்டாண்ட், வடியும் ஆயிலைப் பிடிக்கும் ட்ரே எல்லாம் வாங்குவதால் முதல் தடவை மிச்சம் எதுவும் இருக்காது. எந்த ஆயில் ஊற்றினோம் என்பது உறுதியாகத் தெரியும், அதுதான் லாபம்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் முழுதாக வடியும். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரில் கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கித்தான் பலர், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரின் மரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சேம்பர் அலுமினியமாக இருந்தால் சீக்கிரமே மரை போய்விடும். போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசிவரை ஏற்றிவிட்டு, அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள்.

திருகி மாட்டும் வகை ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். சில நேரம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்மேல் புதிய ஃபில்டரை ஏற்றினால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீறிட்டுக் கொட்டும். புது வளையத்தில் துளி ஆயில் தடவி, இன்ஜினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள்.

கிரேடும் அளவும் மேனுவலில் இருக்கும். சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் பிடிக்கும். கொஞ்சம் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க் தண்டு சுற்றும்போது ஆயில் நுரைத்துவிடும். அடியில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

பிரேக் பேட் மாற்றுவதும் பார்க்கச் சுலபமாகத்தான் தோன்றும். ஆனால் பேட்டை அழுத்திப் பிடிக்கும் காலிபரைக் கழற்றி, பிரேக் ஆயில் வரும் ஓஸிலேயே தொங்கவிட்டால் ஓஸ் உள்ளுக்குள் சேதமாகலாம், வெளியே தெரியாது. காலிபர் நகர உதவும் ஸ்லைட் பின்னில் சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி, அந்த ஸ்லைட் பின் இறுகி, ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். காலிபரின் பிஸ்டனை உள்ளே தள்ளியபின் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படுத்தாமல் வண்டியை நகர்த்தினால், முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது.

இதை மெக்கானிக்கிடமே கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பேட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால், அதையும் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.