வாசகர் கேள்வி – பதில்: சிறுபண்ணை வீட்டின் கோடைக்காலம்

வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில் குடும்பத்தோடு பாடுபடுகிறவர்கள் எழுதியவை. அவற்றுள் ஆறு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். சென்ற ஆண்டுதான் வீட்டோடு சேர்ந்த ஓர் ஏக்கர் நிலத்துக்குக் குடிவந்தோம். நானும் என் கணவரும் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை உழைக்கிறோம். ஆனாலும் வேலை தீர்ந்தபாடில்லை. மதியமானால் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறோம். கோடை நாளை எப்படித்தான் ஒழுங்கு செய்வது?

நீங்கள் எழுதியிருக்கும் 'விடிந்ததிலிருந்து இருட்டும் வரை' என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு நாளை இரண்டு அரை நாள்களாகப் பிரித்துக்கொண்டு, நடுவிலுள்ள பொழுதை வெயிலுக்கே விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்பதை எங்கள் குடும்பம் பல கோடைகளில் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. கிழக்கு வெளுக்கும்போதே பால் கறப்பது, பாத்திகளுக்குத் தண்ணீர் விடுவது, காய் பறிப்பது ஆகிய மூன்றும் தொடங்கிவிட வேண்டும். வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கும் பத்து மணிக்குள் வெளிவேலை முடிந்துவிட வேண்டும். அதன்பின் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைகளே போதும். விதை பிரிப்பது, கருவிகளுக்குப் பிடி போடுவது, கிழிந்த சாக்கைத் தைப்பது, பிறகு ஒரு நல்ல உறக்கம். உச்சிப் பொழுது கடந்துவிட்டதே என்று மூன்று மணிக்கு மண்வெட்டியைத் தூக்குவது பலரும் செய்யும் பிழை. சூரியன் உச்சிக்கு வந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே காற்றின் வெப்பம் அன்றைய உச்சத்தை எட்டுகிறது என்பதால், மூன்று மணி பன்னிரண்டு மணியைவிடக் கொடியது. ஐந்து மணிக்கு மேல் இறங்குங்கள்.

நிலத்துக்குப் புதியவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். முதல் சில நாள்களிலேயே முழு வேலையையும் தோளில் ஏற்றிக்கொள்வது ஆபத்து. வெயிலில் வேலை செய்யும்போது தாகம் எடுக்கும் வரை காத்திராமல், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேலை மிஞ்சினால் நேரத்தைக் கூட்டாதீர்கள், வேலையைக் குறையுங்கள். எங்கள் முதல் கோடையில் பத்துப் பாத்திகளுக்கும் நாற்று வைத்துவிட்டு, தண்ணீருக்கும் களைக்கும் ஓடி ஓடி, கடைசியில் பத்திலும் அரைகுறையாகவே எடுத்தோம். மறு ஆண்டு நான்கு பாத்திகளைக் கனமாக வைக்கோல் போர்த்தி உறங்கவிட்டோம். மீதி ஆறில் எடுத்த விளைச்சல் முந்திய ஆண்டின் பத்தைவிட அதிகம். எந்தப் பாத்தியை விடுவது என்று கேட்டால், தண்ணீர்க் குழாய்க்கு மிகத் தொலைவில் இருப்பதை என்பேன்.

கேள்வி: தக்காளிச் செடிகள் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன, பூக்கள் நிறைய வைக்கின்றன, ஆனால் பிஞ்சு பிடிக்காமல் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. நண்பகலில் இலைகள் துவண்டு தொங்குவதால் அப்போதும் தண்ணீர் விடுகிறேன். உரம் போதவில்லையா?

உரம் போதாமல் இல்லை. இலை செழித்துக் காய் இல்லாத செடிக்கு மேலும் தழைச்சத்து கொடுத்தால் இலைதான் பெருகும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை எட்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்களில் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடுகிறது. கருவுறாத பூ காம்போடு கழன்று விழுகிறது. செடிக்கு இது நோய் அன்று. வெப்பம் தணிந்ததும் அதே செடி மீண்டும் காய் பிடிக்கும். அதுவரை அதை உயிரோடும் நிழலோடும் காப்பாற்றி வைப்பதே உங்கள் வேலை. வெயிலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மறைக்கும் நிழல்வலையைச் செடிக்கு மேலே காற்றுப் போக இடம் விட்டு உயர்த்திக் கட்டுங்கள்.

நண்பகல் துவளலைக் கண்டு பதறித் தண்ணீர் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் கூடும்போது, ஈரம் இருக்கும் மண்ணிலும் இலை துவளும். மாலையில் தானே நிமிர்ந்துவிடும். காலையில் எழுந்து பார்க்கும்போதும் துவண்டு கிடந்தால்தான் அது உண்மையான தாகம். ஐயம் இருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல்மண் சுட்டுப் பொடியாக உதிரும். ஆனால் விரல் நுனியில் குளிர்ச்சி தட்டி, வெளியே எடுக்கும்போது மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் அழுகும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழியும் நுனி அழுகல் வரும். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் ஈரம் சீராக இல்லாவிட்டால் அது காய்க்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆழமாக, விடியற்காலையில், வேரடியில் தண்ணீர் விட்டு, ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் கையகலம் இடைவெளி விடுங்கள். கோடைப் பண்ணையில் செலவுக்குக் கூடுதலாகப் பலன் தரும் ஒரே வேலை எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் மூடாக்கு என்றுதான் சொல்வேன்.

கேள்வி: பன்னிரண்டு கோழிகள் வைத்திருக்கிறோம். ஒரு மாதமாக முட்டை பாதியாகிவிட்டது; கிடைப்பதும் தொட்டால் உடைகிற மெல்லிய ஓடாக இருக்கிறது. கோழிகள் வாயைத் திறந்தபடியே நிற்கின்றன. நோயோ என்று என் மாமியார் அஞ்சுகிறார்.

உங்கள் மாமியாரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மூன்றும் வெப்பத்தையே காட்டுகின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. இயல்பிலேயே அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. மூச்சிரைப்பதும், இறக்கையை உடலிலிருந்து அகற்றி வைத்துக்கொள்வதும், கொண்டை வழியே வெப்பத்தை வெளியே விடுவதுமே அதற்குள்ள வழிகள். இடைவிடாமல் மூச்சிரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதை உருவாக்கத் தேவையான அந்த வாயு இரத்தத்தில் குறைவதால்தான் ஓடு மெலிகிறது. வெயிலில் தீனி எடுப்பதும் குறைவதால் சுண்ணாம்புச்சத்தும் போதாமல் போகிறது.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். சாதாரண நாள்களில் தீனியின் எடையைப்போல் இரு மடங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, கடும் வெப்பத்தில் அதைவிடப் பல பங்கு குடிக்கும். வெயிலில் சூடேறிய தண்ணீரை அது தொடாது. ஆகவே நிழலில், ஒன்றுக்கு மூன்று இடங்களில் தொட்டி வைத்து, நண்பகலில் ஒருமுறை புதுத் தண்ணீர் மாற்றுங்கள். செரிமானமும் உடலில் வெப்பத்தை உண்டாக்கும் என்பதால் தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது; எனவே கிளிஞ்சல் தூளை மாலையில் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையான கோழி தேவையான அளவு கொத்திக்கொள்ளும். கொட்டகையின் ஒரு பக்கத்தையாவது கம்பிவலையாக மாற்றி இரவுக்காற்று புகச் செய்யுங்கள். புழுதிக் குளியலுக்கு நிழலில் ஓரிடம் ஒதுக்குங்கள்.

கொண்டை வெளுத்து, கழுத்து தொங்கி, நிற்க முடியாமல் சாயும் கோழியை உடனே நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய், அதன் கால்களை மிதமான குளிர்ச்சியுள்ள தண்ணீரில் நிறுத்துங்கள். வெப்பம் தணிந்த பின்னும் மூக்கொழுகலோ, கழிச்சலோ, அடுத்தடுத்துச் சாவோ தென்பட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மாட்டுத் தொட்டியில் தேனீக்கள் மொய்க்கின்றன. பிள்ளைகள் கிட்டவே போவதில்லை. விரட்டலாமா?

விரட்ட வேண்டாம். கூட்டின் நடுவே புழு வளரும் இடத்தை ஏறத்தாழ 35 டிகிரியில் வைத்திருக்க அவை தண்ணீரைக் கொண்டுபோய்ப் பரப்பி இறக்கையால் விசிறுகின்றன. அகலமான தட்டில் கூழாங்கற்களை நிரப்பி, கற்கள் மூழ்காத அளவு தண்ணீர் ஊற்றித் தொட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டு, அவை அதில் இறங்கப் பழகிய பின் தட்டை நாளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். ஒருநாளும் தட்டு காயக்கூடாது. காய்ந்தால் தொட்டிக்கே திரும்பிவிடும்.

கேள்வி: வெயில் வந்ததும் பசுவின் பால் குறைந்துவிட்டது. தீவனத்தைக் கூட்டியும் பயன் இல்லை.

பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர்தான் என்பதை வைத்துப் பாருங்கள். கறந்து முடித்ததும் பசுவுக்குத் தாகம் மிகுதியாக இருக்கும். அப்போது அதன் முன்னால் சுத்தமான, குளிர்ந்த தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். உலர்தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. அதைக் காலையில் குவித்தால் அந்த வெப்பம் வெயிலின் உச்சத்தோடு சேர்ந்துகொள்ளும். பெரும்பங்கை மாலையிலும் இரவிலும் போடுங்கள். கறந்த பாலை அப்படியே வைக்காமல், பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கிக் கலக்கி, பின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பண்ணை வேலையில் எவ்வளவு சேர்க்கலாம்? மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. வெயிலில் விட மனம் வரவில்லை.

மனம் வராததே சரி. பத்து மணிக்கு மேல் அவர்கள் வெளியில் வேலை செய்ய வேண்டிய தேவை எந்தப் பண்ணையிலும் இல்லை. ஆனால் காலைப் பொழுதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு வேலையைக் கொடுங்கள். பெரியவர்களுக்கு எடுபிடியாக மட்டும் வைத்திருந்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை முட்டை எடுக்கலாம். கூடையின் அடியில் வைக்கோல் போட்டுக் கொடுங்கள். ஒன்பது வயதுக்காரிக்கு வெள்ளரிப் பந்தலை ஒப்படையுங்கள். முற்றிய காய் ஒன்று கொடியில் தங்கினாலும் கொடி புதுப்பிஞ்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் தினமும் இலைக்கு இலை விலக்கித் தேட வேண்டும். அதற்குக் குழந்தைக் கண்களே பொருத்தமானவை. வைக்கோல் போர், விறகு அடுக்கு போன்ற குளிர்ந்த இடுக்குகளுக்குள் மட்டும் கையை நுழைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்; வெயிலுக்கு ஒதுங்கும் பாம்பும் தேளும் அங்கேதான் இருக்கும்.

வீட்டிலுள்ள எல்லோரும் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெயிலில் இருந்தவர் தலைவலி, குமட்டல் என்று சொன்னால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ அது வெப்பத்தாக்கு. உடலை நனைத்து விசிறிக்கொண்டே உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எங்கள் மகள் அந்த வயதில் கோழித் தண்ணீர்த் தொட்டிகளைக் கவனித்துக்கொண்டாள். தொட்டியின் உட்புறம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, காலை அளவையும் மாலை அளவையும் ஒரு பழைய நோட்டில் எழுதி வைப்பாள். ஒருநாள் மூன்றாம் தொட்டியில் கோடு இறங்கவே இல்லை என்று வந்து சொன்னாள். போய்ப் பார்த்தோம், நிழல் நகர்ந்து தொட்டி வெயிலில் நின்றது, தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. அன்று மாலையே தொட்டியைச் சுவரின் மறுபக்கத்துக்கு மாற்றினோம்.