வடத்தில் நம் கையும் வேண்டும்

கேள்வி: நாடாளுமன்றத்தில் சட்டம், நீதித்துறைக்கு என்று ஒரு நிலைக்குழு இருக்கிறதாமே? டெல்லியில் கூடிப் பேசுவதால் கேரள எல்லையில் இருக்கும் தமிழர்களான எங்களுக்கு என்ன பிரயோஜனம்?
- வாசகி ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: 'நிலை' என்று எழுதிவிட்டீர்கள். பாலக்காட்டுக்காரர்களுக்கு நிலை என்றால் கல்பாத்தித் தேர் நிலைதான் முதலில் ஞாபகம் வரும். எவ்வளவு அழகான தேராக இருந்தாலும் ஊர் கூடி வடம் பிடிக்க வேண்டும், பின்னாலிருந்து யானை முட்டித் தள்ள வேண்டும். அப்போதுதான் அது நிலையை விட்டு நகரும்.

இந்தக் குழுவும் அப்படித்தான், நாமும் கை கொடுத்தால்தான் நகரும். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. சட்ட அமைச்சகம் கேட்கும் பணத்தையும், அனுப்பிவைக்கப்படும் மசோதாக்களையும் அலசி அறிக்கை கொடுப்பார்கள். அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு வட்டாரக் கிளைகள் வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் இந்தக் குழு சொன்னது. நல்ல யோசனை. 2004-ல் மதுரைக்கு உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு, ஒரு வாய்தாவுக்காக ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போன தென்மாவட்டத்துக்காரர்களின் அலைச்சல் எவ்வளவு குறைந்தது! அதனால் பிரயோஜனம் உண்டு.

ஆனால் என் மனசில் கிடப்பது வேறு. நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் மனு கொடுத்தார். பதில் மலையாளத்தில் வந்தது. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். கடைசியில் டீக்கடைப் பையன் வாங்கிப் படித்தான். "ஏழு நாளைக்குள்ள ஹாஜராகணுமாம் தாத்தா." கடிதம் வந்து பத்து நாளாகியிருந்தது. தமிழர் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. இதை எத்தனை தடவை எழுதிவிட்டேன்! இன்னும் எழுதுவேன்.

2021-ல் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஆ. ராஜா கேரளச் சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். 'கடவுளறிய' என்றோ 'உளமார' என்றோ வர வேண்டிய சொல் தமிழ் வாசகத்தில் விட்டுப்போனதால் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு இரண்டாம் தடவை கிடைத்தது. டீக்கடைப் பெரியவருக்கு யார் தருவார்கள்?

சரி, டெல்லிக்கு வருவோம். ஒரு மசோதாவைப் பற்றி இந்தக் குழு மக்களிடம் கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கும். அதில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதி அனுப்பவும். நாட்டுக்கே நீதி எப்படிக் கிடைக்க வேண்டும் என்று யோசிக்கிற குழு இது. மத்திய அரசிலோ மாநில அரசிலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு சொல்கிறதே. கருத்துக் கேட்கிற இடத்தில் மட்டும் இரண்டு மொழி போதும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்த அறிவிப்பு வந்ததும் இதே பக்கத்தில் தமிழில் போடுகிறேன். உங்களுக்குத் தோன்றுவதைத் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தில் பெயர்த்து, உங்கள் கையெழுத்துப் பிரதியையும் சேர்த்தே டெல்லிக்கு அனுப்புவது என் பொறுப்பு.