தெங்கிரிக்கு எந்த அளவு?

கேள்வி: பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவருக்கு இத்தனை தெங்கிரி (வஞ்சிர மீன்), தொழில் மீனவருக்கு இவ்வளவு என்று அளவு வைத்துவிட்டால் இரு தரப்புச் சண்டை தீராதா? (வாசகர், பிறை)

பதில்: 'அளவு' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். சட்டைக்கும் அளவு, உப்புக்கும் அளவு, பேச்சுக்கும் அளவு. மீனென்று வந்தால் அதற்குள் மூன்று சங்கதி இருக்கிறது: எத்தனை, எவ்வளவு எடை, எவ்வளவு நீளம். நீங்கள் முதல் இரண்டைக் கேட்டீர்கள். என் கவலை மூன்றாவது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் தெங்கிரிக்குக் கிராக்கி அதிகம். மீன்பிடிப்பு தொடங்கும் முன் அங்கே கடலில் இருந்த தெங்கிரியில் சுமார் 17 சதவீதமே மிச்சம் என்று 2021 மதிப்பீடு சொன்னது. 2023 ஜூலையில் பொழுதுபோக்குக்காரருக்கு ஆளுக்கு 3 என்பது 1 ஆனது. தொழில் படகுகளுக்கு ஆண்டுக்கு 578 டன் என்பது 165 டன் ஆனது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள், அது நியாயம். ஆனால் அங்கே தொழில்காரரும் தெங்கிரிக்குத் தூண்டில்தான் போடுகிறார். 75 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் யாராக இருந்தாலும் திரும்பக் கடலில் விட வேண்டும்.

இங்கே மலேசியாவில்? போன மாதம் ஒரு மீன்பிடிப் படகுத் துறையில், புக்காட் துண்டா (வலைப் பையைக் கடலில் இழுத்துச் செல்லும் இழுவை மடி) படகு இறக்கிய 'ஈக்கான் பாஜா' கூடைக்குள் கையை விட்டுக் கிளறினேன். அரைத்துத் தீவனமாக்கப் போகிற மீன். கெம்போங் மீன் குஞ்சு, நண்டுக் குஞ்சு, அடியில் என் ஆள்காட்டி விரல் நீளத்தில் இரண்டு தெங்கிரி. கவைத்த வால் தாய் மீனுக்கு இருப்பது போலவே. இரண்டும் சேர்ந்து ஒரு பிடி உப்பின் கனம்கூட இல்லை. வயிறு எரிந்தது.

தூண்டிலில் சிக்கிய குஞ்சை உயிரோடு விடலாம். இழுவை மடியில் சிக்கியது மேலே வரும்போதே செத்திருக்கும். அதை எந்த டன் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான், மறுபடியும் எழுதுகிறேன்: கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடி வரக்கூடாது என்ற விதி 1980களிலேயே வந்தது. மடியின் வால் பகுதிக் கண் (வலை ஓட்டை) 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் விதி உண்டு. அதிகாரிகள் முதலில் அந்தக் கண்ணை அளக்கட்டும். அப்புறம் சனிக்கிழமை தெலுக் பஹாங்கில் படகேறும் உங்கள் ஐஸ் பெட்டியை எண்ண வரட்டும். மறுக்காமல் திறந்து காட்டுங்கள்.