பேட்டியில் பேசியதால் நாவல் கையைவிட்டுப் போகுமா?

கேள்வி: என் முதல் நாவல் சென்ற வருடம் வெளியானது. ஒரு யூடியூப் சேனலுக்காக அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினேன். அவர்கள் கேட்டதால் முதல் அத்தியாயத்தை முழுதாக வாசித்தும் காட்டினேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பக்கப் படிவத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். 'நேர்காணலில் இடம்பெறும் அனைத்து உள்ளடக்கத்தின் சகல உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' சேனலுக்குச் சேரும் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் நாவலே அவர்களுக்குப் போய்விடுமா? போடாவிட்டால் பேட்டி வெளிவராதோ என்றும் பயமாக இருக்கிறது. அந்த வீடியோவை என் பக்கத்தில் நானே போட்டுக்கொள்ளலாமா? இதற்கிடையில் ஒருவர், இதைவிடப் பெரிய சேனல்களில் பேட்டி ஏற்பாடு செய்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். பேசியதால் உங்கள் நாவல் எங்கும் போகவில்லை. கேமரா முன்னால் நீங்கள் என்ன சொல்லியிருந்தாலும், "சரி சார், எடுத்துக்கோங்க" என்றே சொல்லியிருந்தாலும், அதனால் ஒரு நூலின் உரிமை கைமாறாது. உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டமும் அதையேதான் சொல்கின்றன. ஆகவே இந்த நிமிடம் வரை நாவல் உங்களுடையது. பதிப்பாளருக்கு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது போக மீதி எல்லாம் உங்களிடமே இருக்கிறது.

இனி என்ன ஆகும் என்பது அந்த ஒரு பக்கக் காகிதத்தில் இருக்கிறது. அதனால்தான் அதில் இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். போடவே கூடாது என்று சொல்லவில்லை. திருத்திப் போடுங்கள்.

பதிவையும் புத்தகத்தையும் முதலில் பிரித்துப் பாருங்கள். கேமரா, வெளிச்சம், படத்தொகுப்பு எல்லாம் அவர்கள் செலவு. எனவே வீடியோ அவர்களுடையது. அதில் வழக்கில்லை. புத்தகம் உங்களுடையது. அதிலும் வழக்கில்லை. நடுவில் நீங்கள் யோசித்து யோசித்துப் பேசினீர்களே, அந்தப் பேச்சு யாருடையது என்பதில்தான் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. எர்னஸ்ட் ஹெமிங்வே இறந்த பிறகு, அவரோடு பழகிய ஒருவர் அவர் பேசியதையெல்லாம் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். ஹெமிங்வேயின் மனைவி வழக்குப் போட்டார். நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேச்சுக்கு உரிமை உண்டா இல்லையா என்பதை அந்த நீதிமன்றம் திட்டவட்டமாக முடிவு செய்யவில்லை. பேசியவர் அப்போதே 'இது என்னுடையது, இதை நான் அனுமதித்தால்தான் வெளியிடலாம்' என்று காட்டிக்கொள்ளவில்லை, அவர் நடந்துகொண்ட விதமே அனுமதி கொடுத்ததுபோல இருந்தது என்பதுதான் தீர்ப்புக்குக் காரணம். பிரிட்டன் சட்டத்தின் 58ஆவது பிரிவும் கிட்டத்தட்ட இதே திசையில் போகிறது. பேசுபவர் பதிவுக்கு முன்பே ஒரு பயன்பாட்டைத் தடுத்திருந்தால், பேச்சின் பதிவைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த அந்தப் பிரிவு தரும் சலுகை அந்தப் பயன்பாட்டுக்குக் கிடையாது.

உங்களுக்கு இதில் இருக்கும் பாடம் எளிது. அடுத்த பேட்டியில் கேமரா ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக, "இது உங்கள் சேனலில் பேட்டியாக வெளியிட மட்டும்; நான் வாசிக்கும் பகுதிகளைத் தனியாக எடுத்துப் பயன்படுத்த வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பத்து விநாடி வேலை. படத்தொகுப்பில் வெட்டிவிடுவார்கள், வெட்டட்டும். மூலப்பதிவில் இருக்கும். அன்றைக்கே ஒரு மின்னஞ்சலிலும் அதே வரியை அனுப்பி வையுங்கள்.

நடந்து முடிந்த பேட்டிக்கு வருவோம். புத்தகத்தைப் பற்றிப் பேசியதற்காக நான் துளியும் கவலைப்படவில்லை. கதை எப்படிப் பிறந்தது, அந்தப் பாத்திரம் ஏன் செத்தது, எத்தனை முறை திருத்தினீர்கள் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். என் கவலை முழுக்க நீங்கள் வாசித்த அந்த முதல் அத்தியாயத்தின் மேல்தான். பேச்சு என்பது புத்தகத்தைப் பற்றியது. வாசிப்பு என்பது புத்தகமே. நீங்கள் வாசித்த நேரம் முழுவதும் வீடியோவுக்குள் உங்கள் நாவலின் ஒரு துண்டு, உங்கள் குரலிலேயே, நல்ல ஒலித்தரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'அனைத்து உள்ளடக்கம்' என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்கிவிடும். நாவல் முழுதும் போகாது. வாசித்த பகுதி போகலாம். அதைத் தனியாக வெட்டி ஆடியோவாக விற்க, வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்ற அந்தப் படிவம் வழி திறந்து வைக்கிறது.

இதில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது, எழுத்தாளர்கள் பெரும்பாலும் கவனிக்காதது. உங்கள் பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஒலிப்புத்தக உரிமையையும் அதில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால், அந்த அத்தியாயத்தை ஒலியாகப் பதிவு செய்யும் உரிமை உங்களிடமே இல்லை. உங்களிடம் இல்லாததைச் சேனலுக்குக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டால், இரண்டு பக்கமும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். விளம்பரத்துக்காகக் கொஞ்சம் வாசிப்பதைப் பதிப்பாளர்கள் பொதுவாக வரவேற்கவே செய்வார்கள். ஆனால் கேட்டுச் செய்ய வேண்டும். ஒரே ஒரு மின்னஞ்சல்: 'இந்தப் பேட்டியில் முதல் அத்தியாயத்தை வாசித்திருக்கிறேன், ஆட்சேபணை உண்டா?' பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நாவல் என்பதால் ஒரு அத்தியாயத்தோடு போயிற்று. சிறுகதைத் தொகுப்பிலிருந்து ஒரு கதையை வாசித்தால், வாசித்தது ஒரு முழுப்படைப்பு. கவிதை என்றால் ஒவ்வொரு கவிதையும் முழுப்படைப்புதான். பேட்டி எடுப்பவர்கள் "இன்னொன்று, இன்னொன்று" என்று கேட்க, பேட்டி முடிவதற்குள் பாதித் தொகுப்பை வாசித்து முடித்துவிடும் கவிஞர்கள் இருக்கிறார்கள். கதை பாதியில், கவிதை இரண்டொன்றில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம், அத்தியாயத் தொடக்கத்தில் வேறொருவரின் கவிதை வரியோ பாட்டு வரியோ மேற்கோளாக இருக்கிறதா? அதற்கு அனுமதி வாங்கியிருந்தாலும், அந்த அனுமதி பெரும்பாலும் அச்சுப் பதிப்புக்கு மட்டும்தான் இருக்கும். அதைக் குரலில் வாசித்து இணையத்தில் ஏற்றுவது வேறு கணக்கு. மேற்கோளைத் தாண்டி அடுத்த வரியிலிருந்து தொடங்குவதே நல்லது. ஏற்கெனவே வாசித்துவிட்டீர்கள் என்றால், வெளியிடும் முன் அந்த வரிகளை வெட்டச் சொல்லுங்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம். இதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு எழுத்தாளர் என்று எடுக்கும் பேட்டிக்கு, சினிமாத் தயாரிப்பு ஒப்பந்தத்திலிருந்து வரிகளை அப்படியே நகலெடுத்து நீட்டுகிறார்கள். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்பதெல்லாம் அலங்காரச் சொற்கள் இல்லை. இந்தியச் சட்டப்படி உரிமை மாற்றத்தில் கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அந்தப் பாதுகாப்பைத் தாண்டத்தான் அந்தச் சொற்கள். படிவத்தை அனுப்பும் இளைஞருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அதை முதலில் எழுதிய வக்கீலுக்கு நன்றாகத் தெரியும்.

'அனைத்து உள்ளடக்கத்தின் சகல உரிமைகளும்' என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: 'நேர்காணலின் ஒலி, ஒளிப்பதிவைச் சேனல் தன் தளங்களில் வெளியிடலாம். நேர்காணலில் வாசிக்கப்பட்ட நாவல் பகுதியின் பதிப்புரிமை சேனலுக்கு மாறாது. அதை இந்த நேர்காணலின் ஒரு பகுதியாக மட்டுமே வெளியிடலாம். தனி ஒலிப்பதிவாகவோ அச்சிலோ வேறு வடிவத்திலோ பயன்படுத்தக் கூடாது.' அதன் கீழே இன்னொரு வரி: 'எழுத்தாளரின் குரலையோ தோற்றத்தையோ செயற்கையாக உருவாக்கவோ, அதற்கான பயிற்சிக்கோ இந்தப் பதிவைப் பயன்படுத்தக் கூடாது.' இரண்டு மணி நேரம் தெளிவாகப் பதிவான குரல் இருந்தால் அதே குரலைச் செயற்கையாக உருவாக்குவது இன்று பெரிய வேலை இல்லை. மூன்றாவதாக, பேட்டியிலிருந்து சிறு துணுக்குகளை நீங்களும் உங்கள் பக்கத்தில் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. அடித்த இடத்திலும் எழுதிய இடத்திலும் சுருக்கொப்பம் போட்டு, படியெடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

திருத்தினால் பேட்டி வெளிவராதோ என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரம் செலவழித்து எடுத்ததை ஒரு வரிக்காக யாரும் குப்பையில் போட மாட்டார்கள். தெரிந்தே கேமரா முன் உட்கார்ந்து பேசியதே, பேட்டியாக வெளியிடக் கொடுத்த அனுமதிதான். அந்தப் படிவத்தைக் கேட்பது பெரும்பாலும் விளம்பரதாரருக்குக் காட்டவும் பின்னால் வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கவும்தான். 'படிவத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது' என்று பிடிவாதம் பிடித்தால், வாசித்த பகுதியை வெட்டிவிட்டு மீதியை வெளியிடச் சொல்லுங்கள். அதற்கும் மாட்டோம் என்றால் அவர்களுக்குத் தேவைப்பட்டது பேட்டி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீடியோவை உங்கள் பக்கத்தில் போடலாமா என்று கேட்டீர்கள். இணைப்பைப் போடுங்கள், வீடியோவைத் தரவிறக்கி மறுபடி ஏற்றாதீர்கள். உங்கள் முகம், உங்கள் புத்தகம் என்றாலும் பதிவு அவர்களுடையது. யூடியூபில் 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை விழுந்தால் உங்கள் சேனலே போய்விடலாம். எதிர்மனு போடலாம், போட்டால், புகார் கொடுத்தவர் 10 வேலை நாட்களுக்குள் நீதிமன்றம் போனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று விதி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்க ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்தால் போதும். வீடியோ உடனே மறைந்துவிடும். அது திரும்பி வருவதற்குள் புத்தகம் பேசப்பட்ட நாட்கள் முடிந்துவிடும். தனி எழுத்தாளரின் கேள்விக்கு மனிதர் ஒருவர் பதில் எழுதும் ஏற்பாட்டை இவ்வளவு பெரிய நிறுவனங்களால் செய்ய முடியாதா? முடியும். செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக அந்த முன்பணக்காரர். பணம் கொடுக்காதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. பேட்டி எடுப்பவருக்கு உள்ளடக்கம் தேவை, எழுத்தாளர் அதைக் கொடுக்கிறார். கொடுப்பவரிடமே காசு கேட்டால் அது பேட்டி இல்லை, விளம்பரம். 'பெரிய சேனல்' என்று அவர் சொல்லும் இடத்துக்கு நீங்களே நேரடியாக எழுதுங்கள். அந்த ஆளைத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். முதல் புத்தகம் போட்டவர்களின் ஏக்கம் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்தின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு 'உங்கள் எழுத்து என்னை உலுக்கிவிட்டது' என்று தொடங்குவார்கள். மூன்றாவது அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள், பேச்சு மாறும். பிரபலமான தொகுப்பாளரோடு நிற்கும் படத்தைக் காட்டுவார்கள். ஒரு புத்தகக் கண்காட்சியில் யார் வேண்டுமானாலும் அப்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க எழுத்தாளர்களைக் குறிவைக்கும் தொழில் இது. ஏமாற்றுக்காரர்களை அம்பலப்படுத்துவதற்கென்றே அமெரிக்காவில் 'ரைட்டர் பிவேர்' என்ற அமைப்பு 1998 முதல் இயங்கிவருகிறது என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணமே கேட்காத ஒரு வகையும் வந்திருக்கிறது, அது இன்னும் மோசம். பாட்காஸ்டுக்கு அழைப்பு வரும், பேட்டிக்குச் சன்மானம்கூடத் தருவதாகச் சொல்வார்கள். பதிவுக்கு முன் 'டெக்னிக்கல் செக்' என்று வீடியோ அழைப்பில் வரச் சொல்வார்கள். திரையைப் பகிரச் சொல்லி, 'நேரலைக்கு இணைக்க வேண்டும்' என்று உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தின் அமைப்புகளைத் திறக்கச் சொல்லி, ஒரு இணைப்பை அழுத்த வைப்பார்கள் அல்லது கைபேசிக்கு வரும் குறியீட்டைக் கேட்பார்கள். அழைப்பு முடியும்போது பக்கம் அவர்கள் கையில் இருக்கும். பேட்டி எடுக்க ஒருவருக்கு உங்கள் குரலும் முகமும் போதும். உங்கள் கணக்கின் அமைப்புகளைத் திறக்கச் சொன்ன உடனே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று யோசிக்காதீர்கள்.

இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பதிப்பாளருக்கு மின்னஞ்சல், அவர் பதில் வந்த பிறகு திருத்திய படிவம், முன்பணம் கேட்டவருக்கு 'வேண்டாம்' என்று ஒரு வரி. படிவத்துக்குச் சேனல்காரர்கள் ஏதாவது மாற்றுவரி எழுதி அனுப்பினால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.